எலிக்கு வைத்த சோறு

1994 செப்டம்பர் கடைசியில் சூரத்தில் பிளேக் என்ற செய்தி வந்ததும், தாராவியில் எங்கள் சந்தில் இரண்டு சரக்குக்குத் தட்டுப்பாடு வந்தது. ஒன்று டெட்ராசைக்ளின் மாத்திரை, இன்னொன்று எலி மருந்து. சூரத்திலிருந்து ஜனங்கள் கூட்டங்கூட்டமாக ரயிலேறி பம்பாய்க்கு வந்துகொண்டிருந்தார்கள். மூக்கில் கைக்குட்டை கட்டாத ஆளைத் தெருவில் பார்ப்பது அரிதாக இருந்தது. எலியைக் கண்டவர்கள் பாம்பைக் கண்டவர்களாகப் பதறினார்கள்.

பிளேக் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1896-ல் மாண்ட்வியில் தொடங்கிய பிளேக்குக்குப் பயந்து பாதி ஊர் காலியானது. அதற்குப் பிறகுதான் 1898-ல் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்று ஒன்றை அமைத்து, காற்றும் வெளிச்சமும் வரும்படி தாதர், மாட்டுங்கா பக்கம் அகலமான தெருக்களும் புதுக் குடியிருப்புகளும் போட்டார்கள். அந்தக் காற்றும் வெளிச்சமும் தாராவிக்கு வந்து சேரவில்லை. எங்கள் சந்தில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் வாசற்படியில் ஏறி நின்றுதான் வழிவிட வேண்டும். சந்தின் நடுவில் கட்டர். அதன்மேல் கடப்பைக் கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த இடுக்குகள்தான் எலிகளின் வாசல்.

எங்கள் வீடு இட்லி வீடு. திருநெல்வேலிப் பக்கமிருந்து தாராவிக்கு வந்தவர்களில் ஒரு சாரார் தோல் பட்டறைகளுக்குப் போனார்கள். இன்னொரு சாரார் இட்லியைப் பிடித்துக்கொண்டார்கள். நள்ளிரவு தாண்டியதும் அம்மாவும் அத்தையும் அடுப்பு மூட்டுவார்கள். விடிவதற்குள் அப்பா அலுமினியப் பாத்திரம் நிறைய இட்லியும் சட்னி வாளியும் சாம்பார் தூக்கும் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கியபடி கிளம்பிவிடுவார். மேலே பரணில் அரிசி மூட்டையும் உளுந்து மூட்டையும் இருக்கும். வீட்டு எலி ஒரு பக்கம் வரும். கட்டரிலிருந்து ஏறி வரும் பெருச்சாளி இன்னொரு பக்கம். பம்பாய்க்காரர்கள் அதைக் கூஸ் என்பார்கள். உளுந்து மூட்டையில் அது ஓட்டை போட்டால், தின்று தீர்த்த உளுந்தைவிட மூத்திரம் பட்டு வீணான உளுந்து அதிகமாக இருக்கும். ஒரு மூட்டை கெட்டால் அந்த வாரச் சம்பாத்தியம் போயிற்று. அதனால் எலி மருந்து வைக்கிறவரைக் கெட்டவர் என்று நான் எண்ணியதே இல்லை. அப்பாவும் வைத்தவர்தான். பரணில், நாய் ஏற முடியாத உயரத்தில், பலகையைச் சாத்தி வைப்பார். காலையில் தானே எடுத்துவிடுவார்.

சந்து முனையில் சிப்பாய் இருந்தான். உடம்பெல்லாம் கறுப்பு, நெஞ்சில் மட்டும் வெள்ளை. யார் வீட்டு நாய் என்று கேட்டால் சந்தே ‘எங்க நாய்’ என்று சொல்லும். பெண்கள் தனியாக அடுப்படியில் நிற்கிற அந்த அர்த்தராத்திரி நேரத்தில் எங்கள் வாசலில் குறுக்கே படுத்திருப்பான். குடித்துவிட்டு வருகிற ஆள் அவனைத் தாண்டி உள்ளே எட்டிப்பார்க்க முடியாது. முதல் ஈடு இறங்கியதும் விளிம்பு பிய்ந்த இட்லி ஒன்றை அத்தை ஊதி ஆற்றி அவனுக்குப் போடுவாள். சுடச்சுடத் தின்னமாட்டான். மூக்கால் ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு, பிறகு ஒரே வாயில் விழுங்கிவிடுவான்.

அதற்கு முன்பெல்லாம் எங்களுக்கு நாய் வண்டியைக் கண்டால்தான் பயம். தெருநாய்களைப் பிடித்துக்கொண்டு போய் மின்சாரம் பாய்ச்சிக் கொல்கிற வழக்கம் பம்பாயில் வெகுகாலம் இருந்தது. வண்டி வருகிற சத்தம் கேட்டால் அத்தை சிப்பாயை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திவிடுவாள். அந்த 1994-ல்தான் கொல்வதை நிறுத்திவிட்டுக் கருத்தடைக்கு மாறினார்கள். 1998-ல் பம்பாய் உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 2001-ல் நாடு முழுவதற்கும் அது விதியானது. நாய் வண்டியின் பயம் ஓய்ந்த வருஷத்தில் எலி மருந்து வந்து சிப்பாயைக் கொண்டுபோயிற்று.

ஸ்டேஷன் வாசலிலும் மார்க்கெட் ஓரத்திலும் “சூஹா மார்னே கா தவாயி” என்று கூவி விற்பார்கள். காகிதத்தில் மடித்த கரும்பொடி. மேலே பெயர் இருக்காது, எழுத்தும் இருக்காது. அந்த அக்டோபரில் அதை வாங்காத வீடு இல்லை. கோதுமை மாவில் பிசைந்து, எண்ணெய் விட்டு உருட்டி, கட்டர் ஓரம், படிக்கட்டு அடி, கக்கூஸ் வாசல் என்று கண்ட இடத்திலெல்லாம் வைத்தார்கள். பக்கோடாவுக்குள் திணித்து வைத்தவர்களும் உண்டு. எலிக்கு வாசனை பிடிக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். நாய்க்கும் அதே வாசனை பிடிக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு விடியற்காலையில் சிப்பாய் வாசலில் படுக்காமல் எழுந்து நின்றுகொண்டே இருந்தான். முன்னங்கால்களை அகட்டி, முதுகை வளைத்து, வயிற்றை உள்ளே இழுத்தான். வாந்தி வருவதற்கு முன்னால் வாயோரம் நுரை வந்தது. கிட்டே போனால் பூண்டும் அழுகின மீனும் கலந்த மாதிரி ஒரு வாடை. அதற்குள் சந்து கூடிவிட்டது. ஒருவர் பால் ஊற்றச் சொன்னார். ஒருவர் உப்புத் தண்ணீர் கொண்டு வந்தார். இன்னொருவர் தேங்காயெண்ணெய் என்றார். எல்லாம் அவன் வாயில் போயிற்று. கடைசியில் சித்தப்பா அவனைச் சாக்கில் சுருட்டி டாக்ஸி பிடித்துப் பரேல் விலங்கு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே டாக்டர் முதலில் கேட்டது ஒரே கேள்விதான்: “என்ன மருந்து தின்றது?”

சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. உச்சிவேளைக்குள் சிப்பாய் போய்விட்டான். யார் வைத்த உருண்டை என்று கடைசிவரை தெரியாமலே போயிற்று. அன்று ராத்திரி முதல் ஈடு இறங்கியபோது அத்தை பிய்ந்த இட்லியை எடுத்து ஊதத் தொடங்கிவிட்டு அப்படியே தட்டில் வைத்தாள். “பேரு தெரியாத மருந்தை ஊரு பூரா வச்சிருக்கானுவ, பாவிப் பயலுவ” என்றாள். இத்தனை வருஷம் நாய்களோடு புழங்கிய பிறகும் அந்த வார்த்தையைவிடச் சரியான ஒன்றை நான் கேட்டதில்லை.

அந்தக் கரும்பொடி பெரும்பாலும் ஜிங்க் பாஸ்பைடாகத்தான் இருந்திருக்கும் என்று பின்னாளில் ஒரு கால்நடை டாக்டர் எனக்கு விளக்கினார். அந்தப் பூண்டு வாடைதான் அடையாளம். வயிற்றுக்குள் போய் அமிலத்தில் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்ற வாயு கிளம்புகிறது. நுரையீரல், இதயம், ஈரல் எல்லாவற்றையும் அது தாக்கும். தின்ற கால் மணி நேரத்திலிருந்து நாலைந்து மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டிவிடும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. வாயில் எதையாவது ஊட்டினால் வயிறு இன்னும் அமிலத்தைச் சுரக்கும், வாயுவும் இன்னும் கூடும். நல்ல மனசோடு ஊட்டுகிற பாலும் பிஸ்கட்டும் இங்கே கெடுதல்தான். வாந்தியிலிருந்து எழும் அதே வாயு பக்கத்தில் நிற்கும் மனிதர்களையும் தாக்கும். நாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் காரில் கண்ணாடியை இறக்கிவிட வேண்டும் என்பதுகூட எங்களுக்கு அன்று தெரியாது.

இன்னொன்றும் அவர் சொன்னார். எலியால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். அதனாலேயே எலி புதுத் தீனியைக் கண்டால் தொட்டுப் பார்க்கும், கொஞ்சம் கொறிக்கும், காத்திருக்கும். வயிறு ஏதாவது செய்தால் அந்தத் தீனியின் பக்கமே மறுபடி வராது. கைதேர்ந்தவர்கள் முதல் ஓரிரு நாள் விஷமில்லாத உருண்டையை வைத்துப் பழக்கிவிட்டுத்தான் மருந்து கலப்பது இதனால்தான். நாய் அப்படியல்ல. நம் கையால் சோறு வாங்கித் தின்றே பல்லாயிரம் வருஷம் நம்மோடு வந்த பிராணி அது. மனிதன் தரையில் வைத்த தீனி தனக்கு வைத்தது என்றே நம்பும். எலி சந்தேகப்படும், நாய் நம்பும். திறந்த வெளியில் விஷத்தை வைத்தால் முதலில் சாவது நம்புகிற பிராணிதான்.

*

2005 ஜூலை 26-ம் தேதி சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அப்போது நான் மாட்டுங்காவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தில், பாலக்காட்டுக்காரர்களான ஒரு மாமா மாமி வீட்டில் ஓர் அறையில் தங்கியிருந்தேன். தண்ணீர் வடிந்ததும் தெருவெல்லாம் சேறும், ஊறி நாறும் தானிய மூட்டையும். வளை மூழ்கி வெளியே வந்த எலிகள் பட்டப்பகலில் படிக்கட்டில் ஓடின. ஆகஸ்டில் எலிக்காய்ச்சல் ஆரம்பித்தது. எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில் நடக்கும்போது காலில் இருக்கும் வெட்டுக்காயம், பித்தவெடிப்பு வழியாக உள்ளே போகிற நோய் அது. லெப்டோ என்று எல்லோர் வாயிலும் அந்தப் பேர்தான். எலியை விரட்டியே ஆகவேண்டும் என்பதில் அப்போதும் நியாயம் இருந்தது.

கட்டடக் கமிட்டியில் எலி கேக் வாங்கிக் கீழ்த்தளத்தில் வைத்தார்கள். விரல் நீளத்தில் நீலப்பச்சை மெழுகுக் கட்டி. மீட்டர் பெட்டிக்குக் கீழே, குப்பை டிரம்முக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் என்று வைத்தார்கள். மாடிப்படிக்கு அடியில்தான் மல்லி படுப்பாள். பூக்கடைக்காரர்கள் வளர்த்த செவலை நாய் அவள். ராத்திரியில் எங்கள் கட்டடத்துக்கு வந்துவிடுவாள். மாமி தினமும் ரசஞ்சாதம் பிசைந்து எவர்சில்வர் கிண்ணத்தில் வைப்பாள்.

சில நாளில் மல்லி சோர்ந்துபோனாள். வாந்தி இல்லை, நுரை இல்லை, சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் மாடி ஏற மூச்சு வாங்கினாள். உண்ணி எடுத்த இடத்தில் ரத்தம் கசிந்து நிற்கவே இல்லை. மறுநாள் மூக்கிலிருந்தும் சொட்டியது. மாமாவும் நானும் டாக்ஸியில் பரேல் விலங்கு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அவள் உதட்டை விரலால் தூக்கி எங்களுக்குக் காட்டினார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெள்ளையடித்த சுவர் போல இருந்தது. அழுத்தி விட்டால் நிறம் திரும்ப நேரமானது.

“மலத்தில் பச்சை நிறம் பார்த்தீர்களா?” என்று கேட்டார். பார்த்ததாக வாட்ச்மேன் முந்தின வாரமே சொல்லியிருந்தார். “என்ன மருந்து தின்றது?” என்பது அடுத்த கேள்வி. கமிட்டி அலமாரியிலிருந்து எடுத்து வந்த காலி அட்டைப்பெட்டி மாமாவின் கைப்பையில் இருந்தது. டாக்டர் அதை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்: புரோமாடியோலோன், 0.005 சதவீதம். அவர் முகம் தெளிந்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. “இதுக்கு மருந்து இருக்கு” என்றார்.

இந்த விஷம் வயிற்றில் ஒன்றும் செய்யாது. ஈரலுக்குப் போய், ரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருள்கள் தயாராவதைத் தடுக்கும். ஏற்கெனவே உடம்பில் இருக்கிற இருப்பு தீரும்வரை நாய் நன்றாகத்தான் இருக்கும். மூன்று நாளோ ஐந்து நாளோ கழித்து எங்காவது உள்ளே கசிய ஆரம்பிக்கும். அதற்குள் தின்றதையே எல்லோரும் மறந்திருப்பார்கள். வைட்டமின் கே1 கொடுத்தால் ஈரல் திரும்ப வேலையைத் தொடங்கும். கே3 என்று கடையில் கிடைப்பது இதற்கு உதவாது, கே1தான் வேண்டும்.

டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் மாமா குறுக்கிட்டார். “இது நான் திங்கற அசிட்ரோமோட ஜாதின்னா?” என்றார். இதய வால்வு மாற்றிய நாளிலிருந்து அவர் தினம் போட்டுக்கொள்கிற மாத்திரை அது. மாதாமாதம் ரத்தம் உறையும் நேரம் பார்க்கிற டெஸ்டுக்குப் போவார். கீரை அதிகம் வேண்டாம் என்று மாமி அளந்துதான் போடுவாள். டாக்டர் சிரித்து, ஆமாம், ஒரே குடும்பம்தான் என்றார்.

அந்தக் குடும்பத்தின் கதையை மாமா பிறகு தேடித் தேடிப் படித்தார், எனக்கும் சொன்னார். 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்கிலும் மாடுகள் காரணமே தெரியாமல் ரத்தம் கசிந்து செத்தன. கொம்பு சீவினால் போதும், ரத்தம் நிற்காது. பூசணம் பிடித்த ஒருவகைக் க்ளோவர் வைக்கோல்தான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்பவரின் ஆய்வகம் அந்த வைக்கோலிலிருந்து நஞ்சைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் வந்த வார்ஃபரின் 1948-ல் எலி மருந்தாகக் கடைக்கு வந்தது. சில வருஷத்தில் அதுவே மனித மருந்தாயிற்று. 1955-ல் மாரடைப்பு வந்தபோது அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கும் அதைக் கொடுத்தார்கள். பிறகு எலிகள் வார்ஃபரினுக்குப் பழகிவிட்டதால், உடம்பில் பல வாரம் தங்கும் வலுவான வகைகளைச் செய்தார்கள். புரோமாடியோலோன் அதில் ஒன்று. அது வாரக்கணக்கில் தங்குவதால் மாற்று மருந்தையும் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். நாய் துள்ளிக் குதிக்கிறது என்று பாதியில் நிறுத்தினால் திரும்பக் கசியும்.

மல்லிக்கு முதலில் ஊசி, பிறகு மாத்திரை. கொழுப்போடு சேர்ந்தால்தான் வைட்டமின் கே உடம்பில் ஏறும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாமி சூடான சாதத்தில் நெய் விட்டு, மாத்திரையைப் பொடித்துப் பிசைந்து, ஒவ்வொரு கவளமாக ஊட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்து மாமா தன் மாத்திரையை விழுங்குவார். ஒருவருக்கு ரத்தம் உறையாமல் இருக்க, ஒருத்திக்கு உறைய. கடைசியில் மாத்திரையை நிறுத்தி, இரண்டு நாள் விட்டு ரத்தம் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. மல்லி அதற்கப்புறம் பல வருஷம் பூக்கடையில் மல்லிகைச் சரத்துக்கு நடுவில் படுத்துக் கிடந்தாள்.

சிப்பாயையும் மல்லியையும் ஒரே தராசில் வைக்க முடியாது. தின்ற விஷம் வேறு. ஆனால் பரேலில் கேட்ட கேள்வி இரண்டு தடவையும் ஒன்றுதான். ஒரு தடவை அதற்குப் பதில் இருந்தது.

மாட்டுங்காவில் இருந்த நாளில்தான் விஷமே இல்லாமல் எலி பிடிக்கிறவர்களையும் பார்த்தேன். மாநகராட்சியில் ராத்திரி எலி கொல்கிறவர்கள் என்று ஒரு பிரிவே உண்டு. கையில் டார்ச், நீளமான கழி, தோளில் கோணி. ஒரு ராத்திரிக்கு முப்பது எலி கணக்குக் காட்ட வேண்டும். மார்க்கெட் கடைசி ஷட்டர் இறங்கியதும் வருவார்கள். வெளிச்சம் கண்ணில் பட்டதும் எலி ஒரு விநாடி திகைத்து நிற்கும். அந்த ஒரு விநாடிதான் அவர்களுக்கு. அப்படி ஒருவர் பின்னாலேயே மல்லி நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். அவர் நின்று அவள் தலையைத் தடவிவிட்டு, மராத்தியில் என்னிடம் சொன்னார்: “என் கழி நாய்க்கும் எலிக்கும் வித்தியாசம் பார்க்கும், மருந்து பார்க்காது.” சேற்றிலும் சாக்கடையிலும் ராத்திரி முழுக்க நிற்கிற வேலை. அதைச் செய்கிறவர்களுக்கு இந்த ஊர் பட்டிருக்கிற கடன் பெரிது.

*

கல்யாணத்துக்குப் பிறகு செம்பூர். சேடா நகர் முருகன் கோயில் மணி கேட்கிற தூரத்தில் எங்கள் சொசைட்டி. இங்கே மோதி என்ற தெருநாய் எங்கள் கேட்டில் இருக்கிறது. கருத்தடை செய்த அடையாளமாக ஒரு காதில் நுனி வெட்டியிருக்கும். வீட்டுக்குள் வளரும் நாய்களும் நாலைந்து உண்டு. குழந்தைகள் நிறைய.

சொசைட்டி கூட்டத்தில் எலிப் பிரச்சினை ஒவ்வொரு மே மாதமும் வரும். கார் ஒயரைக் கடித்துவிட்டது, லிஃப்ட் ஒயரைக் கடித்துவிட்டது என்று. ஒரு வருஷம் யாரோ தாமாகவே மருந்து வாங்கித் தோட்டத்தில் தூவிவிட்டார்கள். நல்லவேளையாகத் தோட்டக்காரர் பார்த்து, பெருக்கி அள்ளி, தோட்டத்தைப் பூட்டினார். அன்று கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். ஒருவர், “தெருநாய்தானே சார், இருந்தா என்ன போனா என்ன?” என்று கேட்டார். தெருநாய் ஊருக்குள் இருக்கலாமா கூடாதா என்ற வழக்கு 2025-ல் உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறது. நாய்க்கடிக்குப் பயப்படுகிறவர்களின் பயம் உண்மையானது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளமாட்டேன். ஆனால் அதற்கு வழி கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும். தரையில் கிடக்கிற விஷம் எந்த வழக்கிலும் தீர்ப்பாகாது. வேண்டுமென்றே ஒரு பிராணிக்கு விஷம் வைப்பவருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ம் பிரிவில் ஐந்து வருஷம்வரை சிறைத் தண்டனை உண்டு என்பதையும் சொன்னேன்.

சட்டத்தைவிட ஒரு செய்திதான் கூட்டத்தை மாற்றியது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலிக்காக மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். ராத்திரி மூடின அறையில் ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள், பெற்றோர் மருத்துவமனைக்குப் போனார்கள். தமிழ்ப் பேப்பரில் வந்ததை நான் படித்துக் காட்டியபோது கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து, “நம்ம பில்டிங்ல என்ன மருந்து வெக்கிறாங்க?” என்று கேட்டாள். செக்ரட்டரிக்குத் தெரியவில்லை. அன்றைக்கே பெஸ்ட் கண்ட்ரோல்காரரைக் கூப்பிட்டோம்.

அவரோடு உட்கார்ந்து எழுதிய ஒப்பந்தத்தில் சில விஷயங்களைச் சேர்த்தோம். மருந்தின் பேரும் சதவீதமும் பில்லிலேயே இருக்க வேண்டும். வாயு கிளப்பும் பாஸ்பைடு வகை எதுவும் குடியிருப்புக்குள் கூடாது. அலுமினியம் பாஸ்பைடை அனுமதி பெற்ற ஆட்களைத் தவிர மற்றவர்களுக்கு விற்கவே கூடாது என்று சட்டமே இருக்கிறது. கேக் எதையும் வெறும் தரையில் வைக்கக் கூடாது. எலி நுழையும் அளவுக்குத் துளை உள்ள, பூட்டுப் போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள், கம்பியில் கோத்து வைக்க வேண்டும். அப்போதுதான் எலி அதை வெளியே இழுத்துக்கொண்டு வர முடியாது. பெட்டியைச் சுவரோடு சேர்த்துத் திருகி, நம்பர் எழுத வேண்டும். வைக்கிற தேதியையும் எடுக்கிற தேதியையும் நோட்டீஸ் போர்டில் மராத்தி, இந்தி, தமிழ், ஆங்கிலம் நாலிலும் ஒட்ட வேண்டும்.

செத்த எலியை யார் எடுப்பது என்பதில்தான் வெகுநேரம் போயிற்று. புரோமாடியோலோன் தின்ற எலி சாவதற்கு முன் தள்ளாடி வெளியே வரும். அதைப் பூனை தின்றால் பூனைக்கு, பருந்து தூக்கினால் பருந்துக்கு, ஆந்தை பிடித்தால் ஆந்தைக்கு அந்த விஷம் போய்ச் சேரும். எலியைப் பிடித்துத் தின்று நமக்கு உதவி செய்கிற ஆந்தையையே கொன்றுவிட்டு எலியை ஒழிக்க முடியுமா? விடியற்காலையில் ரவுண்டு வருகிற வாட்ச்மேனுக்குக் கையுறையும் இடுக்கியும் கொடுத்து, அதற்குத் தனிப்படியும் வைத்தோம்.

இத்தனைக்கும் மேலே குப்பை. பெண் எலி மூன்று வாரத்தில் ஏழெட்டுக் குட்டி போடும். குட்டிகள் இரண்டு மூன்று மாதத்தில் தாமே குட்டி போடத் தயாராகிவிடும். கிடைக்கிற தீனி அப்படியே இருந்தால், செத்த எலியின் இடத்துக்கு வேறு எலி வந்துகொண்டேதான் இருக்கும். மூடி போட்ட டிரம், ராத்திரியில் மிச்சச் சோறு வெளியில் வைக்கக் கூடாது, பைப் நுழைகிற ஓட்டைகளைச் சிமெண்டும் கம்பி வலையும் வைத்து அடைப்பது. இதெல்லாம் செய்த வருஷத்தில் பெட்டிகளில் தொட்ட கேக்குகள் பாதிக்குமேல் குறைந்துவிட்டன. எலியை ஒழிப்பது பட்டினிதான், விஷம் அதற்குத் துணை மட்டுமே.

மோதிக்குச் சோறு போடுகிற இடத்தையும் நேரத்தையும் முடிவு செய்தோம். நாய்களுக்குச் சோறு போடுவதற்குத் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்று 2023-ன் விலங்குக் கருத்தடை விதியே சொல்கிறது. பெட்டிகள் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், சாயங்காலம் ஏழு மணிக்கு. வயிறு நிறைந்த நாய் குப்பையை மோந்து அலையாது. வீட்டு நாய் வைத்திருக்கிறவர்களும் ராத்திரி நடைக்குப் போகும்போது டார்ச் எடுத்துப் போகிறார்கள். தரையில் கிடப்பதை வாயில் எடுத்தால் “விடு” என்ற ஒரு சொல்லுக்குக் கீழே போடக் குட்டியிலிருந்தே பழக்குகிறார்கள். பழகாத நாய்க்கு, மூச்சுவிடவும் தண்ணீர் குடிக்கவும் இடமுள்ள கூடைவாய்ப்பூட்டு போடுகிறார்கள்.

*

நாய் எதையோ தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தால் செய்ய வேண்டியதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லி வைத்திருக்கிறேன். வாயில் பால், எண்ணெய், முட்டை, உப்புத் தண்ணீர் எதையும் ஊற்றாதே. விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதே, அது டாக்டரின் வேலை. மருந்தின் பெட்டி, காகிதம், மிச்சத் துண்டு எது கிடைத்தாலும் கையுறையோடு ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள். நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காதே. கேக் தின்ற நாய் முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருக்கும். பொடி தின்ற நாய்க்குக் காத்திருக்க நேரமே இல்லை. வண்டிக் கண்ணாடியை இறக்கி வை. போகிற வழியிலேயே டாக்டருக்குப் போன் செய்து மருந்தின் பேரைச் சொல்.

எலிகளை விட்டுவைக்கச் சொல்லி நான் எங்கேயும் பேசியதில்லை. உளுந்து மூட்டையைக் காப்பாற்றப் பாடுபட்ட வீட்டில் பிறந்தவன் நான். எலிக்காய்ச்சலில் ஆள் போனதையும் பார்த்தவன். வைக்கிறவர் யாராக இருந்தாலும் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வைக்கட்டும் என்பதுதான் நான் கேட்பது. இதன் பேர் என்ன? எந்தப் பெட்டிக்குள் வைக்கிறீர்கள்? காலையில் யார் வந்து எடுப்பார்கள்? உங்கள் சொசைட்டியிலோ குடியிருப்பிலோ தெருவிலோ அடுத்த தடவை எலி மருந்து என்ற பேச்சு வந்தால், எழுந்து நின்று இந்த மூன்றையும் கேளுங்கள். பதில் வரும்வரை ஒரு துண்டும் தரையில் இறங்க விடாதீர்கள். நாய்க்குக் கேட்கத் தெரியாது. அதற்காகக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.